ஊதச் சொன்னது நான்தான்

அந்த ஆளை மெஷினில் ஊதச் சொன்னது எஸ்.ஐ. இல்லை, நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வேலையில் எது நடந்தாலும் மேலே இருப்பவர் சொன்னார், கீழே இருப்பவன் செய்தான் என்று எழுதி முடித்துவிடலாம். அப்படி எழுதி எழுதி என் கை பழகிவிட்டது. இந்த ஒரு விஷயத்தை அப்படி எழுத உட்கார்ந்தால் பேனா நகர மாட்டேன் என்கிறது.

திருவனந்தபுரத்தில் போலீஸ் வேலைக்கு வந்து தலை நரைத்தவன் நான். எங்கள் ஆட்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹோட்டலில் மாவாட்டினார். அம்மா ஸ்ரீவராகம் அக்ரஹாரத்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், காக்கிச் சட்டையைப் போட்டபிறகு முழுக்க மலையாளம். ஸ்டேஷனில் நான் தமிழன் என்று தெரிந்தவர்கள் கிண்டல் செய்வார்கள். தெரியாதவர்களிடம் நானாகச் சொல்லிக்கொள்வதில்லை.

வண்டிப் பரிசோதனையில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டி நின்றதும் கையை நீட்டிச் சாவியை உருவிக்கொள்வேன். சட்டத்தில் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் சாவி நம் கைக்கு வந்துவிட்டால் எதிரில் நிற்பவரின் குரல் தானாக இறங்கிவிடும். பேச ஆரம்பிக்கும்போதே "சாரே" என்று வரும். சாவி அவர்களிடமே இருந்தால் ஏன், எதற்கு என்று கேள்வி வரும். எனக்குக் கேள்வி பிடிக்காது. வெயிலில் நாலு மணி நேரம் நிற்கிறவனிடம் கேள்வி கேட்டால் கோபம் வரத்தான் செய்யும் என்று மனைவியிடம் சொல்வேன். வெயில் இல்லாத நாளிலும் கோபம் வருகிறதே என்று அவள் திருப்பிக் கேட்பாள்.

அன்று காலை பத்தரை மணி இருக்கும். கிள்ளிப்பாலத்திலிருந்து உள்ளே பிரியும் ஒரு சாலையில், வளைவு தாண்டி நின்றிருந்தோம். வளைவு தாண்டி நின்றால்தான் ஹெல்மெட் போடாதவன் நம்மைப் பார்த்துத் திரும்பி ஓட முடியாது. எஸ்.ஐ. என்னைவிட இருபது வயது சின்னவர். நல்ல மனுஷன். ஜீப் நிழலில் நின்று டீ குடித்துக்கொண்டே யாரையும் பெரிதாக விரட்டாமல் வேலையை முடிப்பவர்.

பழைய ஸ்கூட்டர் ஒன்று வளைவில் திரும்பியது. ஓட்டியவருக்கு அறுபது வயது இருக்கும். தலையில் ஹெல்மெட் இல்லை. காலில் செருப்பு இல்லை. பஞ்சகச்சம் ஈரமாக உடம்போடு ஒட்டியிருந்தது. சட்டை போடாமல் மேல்துண்டைச் சுற்றியிருந்தார், அதுவும் ஈரம். முன்னால் கொக்கியில் ஒரு செப்புத் தூக்கு ஆடிக்கொண்டிருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. நான் கையைக் காட்டினேன். அவர் ஒழுங்காக ஓரங்கட்டி நிறுத்தி, இறங்கி, வண்டிக்கு அந்தப் பக்கமாகத் தள்ளி நின்றுகொண்டார்.

அவர் வாயைத் திறக்கும் முன்பே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

தெவசம். பெற்றவர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை செய்யும் சிராத்தம். ஆற்றில் முங்கிவிட்டு ஈரத்தோடு வீட்டுக்குப் போகிறார். குளித்ததிலிருந்து மடி. குளிக்காத யாரும் அவரைத் தொடக்கூடாது, தொட்டால் திரும்பவும் போய்க் குளிக்கவேண்டும். காரியம் முடிகிறவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். இரண்டு பிராமணர்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். முன்னோர்களின் இடத்தில் அவர்களை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டால்தான் போய்ச் சேர்ந்தவர்களுக்கு அந்த வருஷத்துச் சோறு. இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. தெவச நாட்களில் அம்மா பின்வாசலுக்கு வெளியே காத்து நிற்பாள். உள்ளே எல்லாரும் சாப்பிட்டு முடித்து எச்சில் பாத்திரம் வெளியே வர மூன்று மணி ஆகும். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் கூட நின்றிருக்கிறேன். நின்று நின்று கற்றுக்கொண்ட சாஸ்திரம்.

எஸ்.ஐ. ஹெல்மெட் எங்கே என்று கேட்டார். அவர் மலையாளத்தில், நிதானமாகத்தான் பதில் சொன்னார். இன்று தன் அம்மாவின் சிராத்தம், கரமனை ஆற்றில் குளித்துவிட்டுப் போகிறேன், ஹெல்மெட் இந்த நேரத்தில் போட முடியாது. லைசன்ஸ்? பர்ஸில் இருக்கிறது, பர்ஸ் தோல், தோலை மடியில் தொடக்கூடாது, அதனால் வீட்டில் வைத்துவிட்டேன். போனில் காட்டலாமே? போனும் வீட்டில். ஈர வேட்டியில் போனை எங்கே வைப்பது?

எஸ்.ஐ.க்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்து "எந்தா சங்கதி?" என்றார். விஷயம் என்ன என்று எனக்குத்தான் தெரியும் என்று அவருக்குத் தெரியும். ஒரு வாக்கியம் போதும். பாவம், நேரத்துக்குப் போகவேண்டிய ஆள், விட்டுவிடலாம் சாரே. நான் வாயைத் திறக்கவில்லை. இருந்தும் அவரே, "ஃபோட்டோ எடுத்திட்டு விட்டேக்கு" என்றார். அதாவது வண்டி நம்பரைப் படம் எடுத்து ஹெல்மெட்டுக்கு அபராதச் சீட்டு அனுப்பிவிட்டு ஆளை விடு. இரண்டு நிமிஷ வேலை. அதோடு முடிந்திருக்கவேண்டியது.

நான் வண்டியை நெருங்கினேன். பழக்கத்தில் கை சாவிக்குப் போனது. அப்போது அவர் மேல்துண்டை இழுத்து மார்போடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டு, ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

அவ்வளவுதான் அவர் செய்தது. என்னைத் திட்டவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. ஆனால் அந்தச் சுருட்டலை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அம்மா தேய்த்துக் கவிழ்த்த பாத்திரங்களை எடுக்க வருகிற மாமி, அம்மா இரண்டடி தள்ளித்தான் நிற்கிறாள் என்றாலும், புடவையை அப்படித்தான் சுருட்டிப் பிடிப்பார். பிறகு பாத்திரங்கள்மேல் ஒரு கை தண்ணீரைத் தெளித்துவிட்டுத்தான் உள்ளே எடுத்துப் போவார். சாம்பல் போட்டு, நாரால் தேய்த்து, மூன்று தண்ணீரில் கழுவிய பாத்திரம் அது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இந்த ஆள் அந்த வீட்டுக்காரர் இல்லை. அம்மா அவர் வீட்டில் வேலை பார்த்ததும் இல்லை. எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யாத மனுஷர். இதையும் அப்போதே தெரிந்துதான் நான் எஸ்.ஐ.யிடம் திரும்பி, "சாரே, கண்ணைப் பார்த்தீங்களா? இப்படியே அனுப்பி எங்கேயாவது போய் இடிச்சா நம்ம தலையில்தான் விழும். ஒருதடவை ஊதச் சொல்லிடலாம்" என்று மலையாளத்தில் சொன்னேன்.

காலையில் சோறு தண்ணீர் இல்லாமல், ஆற்றில் கண் திறந்து முங்கியவனின் கண் சிவக்காமல் என்ன செய்யும். எனக்குத் தெரியாதா.

எஸ்.ஐ. கொஞ்சம் தயங்கிவிட்டுத் தலையாட்டினார். நான் ஜீப்பிலிருந்து மெஷினை எடுத்து வந்தேன். அதன் குழாய் காலையிலிருந்து பத்துப் பன்னிரண்டு வாய்க்குப் போய் வந்த குழாய். துணியால் துடைத்துத் துடைத்து நீட்டிக்கொண்டிருந்தோம். அவர் அதைப் பார்த்ததும் முகம் மாறியது. "சாரே, இது எச்சில். நான் இதில் வாய் வைக்க முடியாது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் குடிக்கிற பழக்கமே கிடையாது" என்றார் மலையாளத்தில். எல்லாக் குடிகாரனும் அதைத்தான் சொல்வான் என்றேன். புதுக் குழாய் இருக்கிறதா என்று கேட்டார். அதிலாவது ஊதுகிறேன், திரும்பப் போய்க் குளித்தாலும் பரவாயில்லை, பழையது வேண்டாம் என்று கெஞ்சினார். ஜீப்பில் பிரிக்காத பாக்கெட் ஒன்று இருந்தது. இல்லை என்று சொன்னேன்.

ஆட்கள் கூட ஆரம்பித்தார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள், எதிரில் லாட்டரி விற்பவர், பழச்சாறுக் கடையிலிருந்து இரண்டு பேர். சட்டையில்லாத ஒரு பெரியவரும் போலீஸும் என்றால் யாருக்குத்தான் போனை எடுக்கத் தோன்றாது. போன்கள் மேலே வந்ததும் என் குரல் ஏறியது. போனைப் பார்த்தால் அடங்கிப்போகிற போலீஸ்காரர்கள் இருக்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை. ஊத மறுத்தால் குடித்ததாகத்தான் அர்த்தம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தம் எடுக்கவேண்டியிருக்கும், சாயங்காலம் ஆகிவிடும் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அவருக்கும் கோபம் வந்தது. வராமல் இருக்குமா. என்னைப் பார்க்காமல், காற்றைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

"இதுகள்ட்ட போய் என்னத்தைச் சொல்றது. மடின்னா என்ன, தெவசம்னா என்னன்னு இதுகளுக்கு என்ன தெரியப்போறது."

இந்த ஊரில் தமிழ் புரியாத ஆள் யார் இருக்கிறார்கள். லாட்டரிக்காரருக்கே புரிந்து சிரித்தார். எனக்கோ, புரிந்ததற்கு மேலேயே புரிந்தது. நான் போய் அவருடைய கையை, தோளுக்குக் கீழே, ஈரத்தோடு அழுத்திப் பிடித்தேன். பிடித்து ஜீப் வரைக்கும் நடத்திக்கொண்டு போனேன். அவர் ஓடப் போவதாக இல்லை, அடிக்க வரவும் இல்லை. பிடிக்கவேண்டிய தேவையே கிடையாது. தொடவேண்டும் என்றுதான் தொட்டேன். அந்தக் கையின் குளிர்ச்சி எனக்கு நன்றாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

தொட்டபிறகு அவர் எதிர்க்கவில்லை. உடம்பில் இருந்த விறைப்பெல்லாம் போய்விட்டது. ஜீப்பின் பானெட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மெஷினைக் கொடுங்கள் என்பதுபோல மற்றக் கையை நீட்டினார். அந்தப் பழைய குழாயிலேயே வாய் வைத்து, நான் நிறுத்தச் சொல்கிறவரை ஊதினார். பூஜ்யம். எஸ்.ஐ. எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அன்றைக்கு முழுக்க அவர் என்னோடு டீ குடிக்கவில்லை.

பூஜ்யம் வந்தபிறகாவது விட்டிருக்கலாம். லைசன்ஸ் கையில் இல்லாதவரை வண்டி எடுக்க எப்படி விடுவது, இத்தனை பேர் படம் பிடிக்கிறார்களே சாரே என்றேன். சுற்றிலும் போன்களைப் பார்த்தபோது எஸ்.ஐ.க்கும் வேறு வழி தெரியவில்லை. வண்டி ஸ்டேஷனுக்குப் போகும், லைசன்ஸைக் காட்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற லாரியைப் பார்க்கப் போய்விட்டார். கூட்டமும் கலைந்தது.

பெரியவர் கொக்கியிலிருந்து தூக்கை எடுத்தார். ஆற்றிலிருந்து மொண்டு வந்த தண்ணீரை ரோட்டோரமாகக் கவிழ்த்து ஊற்றினார். பிறகு என்னிடம் மணி கேட்டார். பதினொன்றே கால். வீட்டுக்கு ஒரு போன் பண்ண முடியுமா, வந்திருக்கிற பிராமணர்கள் வயசானவர்கள், ஒருத்தருக்குச் சர்க்கரை, தகவல் தெரியாவிட்டால் பன்னிரண்டரைக்குமேல் உட்கார மாட்டார்கள் என்று மலையாளத்தில் கேட்டார். போனை அவரிடமே கொடுத்திருக்கலாம். இனி மடியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் கொடுத்தால் அவர் பேசுவார், விஷயம் முடிந்துவிடும்.

"நம்பரைச் சொல்லுங்க சார். நீங்க குளிச்சுட்டு வந்து சேருங்க, நான் சொல்லிக்கிடுதேன்" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் தமிழ்.

அவர் முகத்தில் வந்த மாற்றத்தை என்னால் மறக்க முடியவில்லை. "தமிழா நீங்க? முன்னமே தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். வீட்டு லேண்ட்லைன் நம்பரை மனப்பாடமாகச் சொன்னார். நான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். "ஒரு மணிக்குள்ள வந்துடுவேன், அவாளை எழுந்திருக்க விடாதேன்னு மட்டும் சொன்னாப் போறும். அவா காத்துண்டிருந்தாப் போறும்" என்றார். நான் சரி என்றேன். வீட்டுப் பக்கம் போகாமல் வந்த வழியிலேயே, ஆற்றுப் பக்கமாகத் திரும்பி, தார் ரோட்டில் வெறுங்காலோடு வேகமாக நடந்தார். கொஞ்ச தூரம் போய் நிழல் உள்ள ஓரத்துக்கு மாறிக்கொண்டார்.

நான் கூப்பிடவில்லை.

வேலையில் மறந்துவிட்டேன் என்று எழுதினால் இந்தக் கதை எனக்குக் கொஞ்சம் சுளுவாக முடியும். மறக்கவில்லை. பதினொன்றரைக்கு ஒருதடவை உள்ளங்கையைப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு நம்பரைப் போனில் அடித்தேகூட வைத்தேன். பச்சைப் பட்டனை அழுத்தவேண்டியதுதான் பாக்கி. இன்னும் ஐந்து நிமிஷம் போகட்டும் என்று இருந்தேன். பன்னிரண்டரைக்கு, இப்போது எழுந்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஒன்றுக்கு, இப்போது வந்து சேர்ந்திருப்பார் என்று நினைத்தேன். ஒன்றரைக்குப் பரோட்டா சாப்பிட்டேன். கை கழுவும்போது மை கொஞ்சம் போனது, சோப்புப் போட்டதும் முழுக்கப் போய்விட்டது.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். அன்று சாயங்காலம் அவளிடம் சொல்லலாமா என்று இரண்டுதடவை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கேட்டுவிட்டு அவள் என்னைத் திட்டினாலும் தாங்காது, சந்தோஷப்பட்டாலும் தாங்காது என்று தோன்றியது. எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவர் ஸ்டேஷனுக்கு வந்தார். சட்டை போட்டு, செருப்புப் போட்டு, கையில் ஹெல்மெட். வெளுத்த சட்டையில் பார்த்தபோது யாரோ ஓய்வுபெற்ற ஆபீஸ் கிளார்க் மாதிரி இருந்தார். என் மேல் புகார் கொடுக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அதற்குப் பதிலெல்லாம் தயாராக இருந்தது. தொடாமல் எப்படி சார் ஆளை மாற்றி நிறுத்துவது, கூட்டம் கூடிவிட்டது, பாதுகாப்புக்காகத்தான் என்று வரிவரியாக வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்ததும் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி நேரே என் மேஜைக்கு வந்தார்.

லைசன்ஸை எடுத்து வைத்தார். நான் நம்பரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது, குரலைத் தணித்துச் சொன்னார்:

"நான் போய்ச் சேரறப்போ ஒண்ணு அஞ்சு. அவா ரெண்டு பேரும் அதுக்குக் கால் மணிக்கு முன்னாடிதான் எழுந்து போயிருக்கா. கூப்பிட்டுப் பாத்தேன், இனிமே முடியாதுன்னுட்டா. அமாவாசையில பண்ணிக்கலாம்னு சாஸ்திரிகள் சொல்றார். பண்ணலாம், இல்லேங்கலை. ஆனா அன்னிக்கு வந்து இலையைப் பார்த்துட்டு எங்கம்மா பட்டினியாத் திரும்பிப் போனது போனதுதானே."

நான் எழுதுவதை நிறுத்தவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்க அன்னிக்குக் கூப்பிட்டேள்தானே? ஆத்துக்காரிக்கு ஒரு காது கேக்காது. மணி அடிச்சது உனக்குக் கேட்டிருக்காதுன்னு நான் சொல்றேன். அவ ஒத்துக்கவே மாட்டேங்கறா. நான் வரலியேன்னு பயந்துண்டு போனுக்குப் பக்கத்துலயே ஸ்டூலைப் போட்டுண்டு உக்காந்திருந்தாளாம். வரவே இல்லைங்கறா. ரெண்டு நாளா எங்காத்துல இதே சண்டை. நான் கொஞ்சம் ஜாஸ்தியாவே பேசிட்டேன். அவளும் வந்திருக்கா. போலீஸ் ஸ்டேஷன்னா உள்ள வர மாட்டா."

அப்போதுதான் வாசலைப் பார்த்தேன். கதவுக்கு வெளியே, படியில், ஒல்லியான ஒரு அம்மாள் நின்றிருந்தார். எங்கள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது ஒரு வாய்ப்பு இருந்தது. பெரிதாக ஒன்றும் செய்யவேண்டாம். மறந்துட்டேன் சார், மன்னிச்சுக்கிடுங்க என்று பொய்யே சொல்லியிருக்கலாம். அந்தப் பொய்யாலும்கூட அந்த அம்மாள் பழியிலிருந்து தப்பியிருப்பார். பக்கத்து மேஜையில் இருந்த இரண்டு பேர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்கள். எஸ்.ஐ.யின் அறைக் கதவு திறந்திருந்தது.

"கூப்பிட்டேன் சார். ரெண்டு தடவை. முழுசா அடிச்சு நின்னுது, யாரும் எடுக்கலை" என்றேன்.

அவர் பெரிதாக மூச்சு விட்டார். அதில் கோபம் இல்லை, ஏதோ தீர்ந்துபோன நிம்மதிதான் இருந்தது. வாசலைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "கேட்டியா? ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கார். நான் சொன்னேனா இல்லையா?"

அந்த அம்மாள் படியை விட்டு உள்ளே ஒரு அடி வந்தார். என்னிடம்தான் கேட்டார். "எத்தனை மணிக்குக் கூப்பிட்டேள் சார்?"

"பன்னெண்டு இருக்கும். அப்புறம் பன்னெண்டேகால்."

அவர் யோசித்தார். நான் சொன்னதைச் சந்தேகப்படுகிறார் என்று நினைத்தேன். சந்தேகப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கையை மெல்லத் தூக்கி, கேட்கிற காதைத் தொட்டுப் பார்த்தார். அதன் பக்கத்தில் இரண்டு விரலைத் தேய்த்துப் பார்த்தார், சத்தம் வருகிறதா என்று.

"அப்போ இதுவும் போயிண்டிருக்கு போல இருக்கு" என்று கணவரிடம் சொன்னார். "நான்தான் கவனிக்கலை. நீங்க கோவிச்சுண்டதுல தப்பில்லை."

டாக்டர்ட்ட காட்டலாம், காட்டலாம் என்றார் அவர். பதிவேட்டில் நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். சாவியை நீட்டினேன், வாங்கிக்கொண்டு எனக்கு நன்றி சொன்னார்.